வீட்டில் அடித்தது

சாப்பாட்டைப் பல்லால் சப்பி மெல்லுவது வீண் வேலை என்று மனதார நம்பிய ஒரே மனிதர், யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கத் தேடினாலும், எங்கள் பிளெண்டர் அண்ணை ஒருவர்தான். முருங்கைக்காய்க் குழம்பு வைக்கிற ஊரில் இப்படி ஒருவர் வந்து பிறந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் தீரவில்லை.

உடுவிலில் கிரேஸ் அக்கா வீட்டின் பின்பாதியில் நாங்கள் மூன்று பேர் வாடகைக்கு இருந்தோம். குருநகர்ச் செல்வன், நான், பிளெண்டர் அண்ணை. அண்ணை ஒரு ரியூட்டறியில் கணிதம் படிப்பித்தார். அவருக்கு வீட்டார் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை யாரும் பாவித்ததாக நினைவில்லை. கிரேஸ் அக்கா ஓய்வுபெற்ற தபாலதிபர், மெதடிஸ்த குடும்பம், முன்பாதியில் தனியே இருந்தார். சாராயம் எந்த நிறம் என்றுகூட அவருக்குத் தெரியாது. இந்தக் கதைக்கு அது முக்கியம்.

விடிய ஐந்தரைக்கு அண்ணையின் பிளெண்டர் ஓடத் தொடங்கும். அது பழைய மெஷின். ஓடும்போது சுவர்க் கலண்டர் ஆடும், பக்கத்து வளவு நாய் எழும்பி நின்று குரைக்கும். சின்னத் தெருவான எங்கள் ஒழுங்கையில் பாதிப்பேர் அலாரம் வைப்பதையே விட்டுவிட்டார்கள். மின்வெட்டுக் காலத்தில் கரண்ட் போவதற்கு முன் அடித்துவிட வேண்டுமென்று அண்ணை நேரத்தோடு எழும்புவார்; ஒழுங்கை முழுவதும் நேரத்தோடு எழும்பி, ஏன் எழும்பினோம் என்று தெரியாமல் முற்றம் கூட்டிக்கொண்டு நிற்கும்.

"அண்ணை, ஜூஸ் குடிக்கிறதுக்கு இவ்வளவு சத்தமோ?" என்று செல்வன் ஒருநாள் கேட்டான்.

"ஜூஸ் எண்டு சொல்லாதையும். இது ஸ்மூத்தி. ஜூஸிலை சக்கையை எறிஞ்சு போடுவாங்கள். இதிலை சக்கையும் உள்ளை போகும். முழு ஆரோக்கியம்."

முழு ஆரோக்கியம் என்பது நீர்வேலிக் கதலி நாலு, பேரீச்சம்பழம் ஒரு பிடி, பனங்கட்டி ஒன்று, பால், அதற்கு மேல் தேன். பச்சை நிறம் வேண்டுமென்று சில நாள் வல்லாரையும் போடுவார். ஒருநாள் கிரேஸ் அக்கா கொடுத்துவிட்ட இடியப்பத்தையும் சொதியையும் சேர்த்து மெஷினுக்குள் போட்டுவிட்டார். நாங்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

"என்ன பாக்கிறியள்? வயித்துக்குள்ளை எல்லாம் ஒண்டாத்தானே சேருது. நான் முதலே சேத்து அனுப்புறன்."

எங்களுக்கும் தினமும் ஆளுக்கொரு கிளாஸ் கட்டாயம் உண்டு. செல்வன் தன்னுடையதை யன்னலால் குரோட்டன் செடிக்கு ஊற்றிவிடுவான். அந்தக் குரோட்டன் கூரையைத் தொட்டது. விவரம் தெரியாத அண்ணை வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டி, "எங்கடை பின்வளவு மண் திறமான மண்" என்பார்.

இப்படி இருக்கும்போது காங்கேசன்துறையிலிருந்து ஒரு கலியாணம் பேசி வந்தது. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தவருக்கு அதற்கு முன் வந்ததெல்லாம் ஏதோ ஒரு காரணத்தால் குழம்பிப்போயிருந்தன. பெண் ஆஸ்பத்திரியில் தாதி. போனில் வந்த படத்தை அண்ணை எங்களுக்குக் காட்டிய விதமே வேறு. "இந்தப் படத்திலை பின்னுக்குத் தெரியிற சுவருக்கு என்ன பெயின்ற் அடிச்சிருக்கு, பாரும்" என்று நீட்டுவார். சாதகமும் பொருந்திவிட்டது. அன்று பின்னேரமே பட்டணத்துக்குப் போய், ஒரே மாதிரி இரண்டு உயரக் கிளாஸ் வாங்கிவந்து அலுமாரியில் வைத்தார். அதில் ஒன்றுமே ஊற்றவில்லை.

எங்கள் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கப் பெண்ணின் மாமா மோட்டார் சைக்கிளில் வந்தார். நாங்கள் மூவரும் வேலைக்குப் போயிருந்தோம். கிரேஸ் அக்கா தேநீர் கொடுத்து உட்காரவைத்தார். அங்கே நடந்ததைப் பிறகு அவரே எங்களுக்கு வரிக்கு வரி சொன்னார்.

"பொடியன் எப்பிடி, அடிக்கிற பழக்கம் ஏதும் உண்டோ?" என்று கேட்டிருக்கிறார் மாமா.

"ஓம், ஓம். விடிய ஐஞ்சரைக்கு அடிக்கத் தொடங்கினால்தான் அவருக்கு நாள் ஓடும்."

"விடியவோ? வெள்ளிக்கிழமையளிலையும்?"

"வெள்ளி, செவ்வாய் எண்டு பாக்கிறதில்லை. ஞாயிறு நான் தேவாலயத்துக்கு வெளிக்கிடேக்கையும் அடிச்சுக்கொண்டுதான் நிப்பார்."

"கடையிலை வாங்கியோ?"

"கடைச் சாமான் தொடமாட்டார். எல்லாம் வீட்டிலை தானே செய்யிறது. பழங்களை முதல்நாளே ஊறப்போட்டு வைச்சிடுவார். தான் மட்டும் குடிக்கிற குணமும் இல்லை, மற்றப் பொடியளுக்கும் பருக்கிப்போட்டுத்தான் விடுவார்."

மாமா தேநீரை அரைவாசியில் வைத்துவிட்டுப் புறப்பட்டார். நல்ல மனிதர், அவசர வேலையாக்கும் என்று அக்கா நினைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் சாதகம் பொருந்தவில்லை என்று கலியாணப் புறோக்கர் போன் எடுத்தார். அண்ணை கணித மாஸ்டர் அல்லவா, விடவில்லை.

"போன கிழமை பொருந்தின சாதகம் இந்தக் கிழமை எப்பிடிப் பொருந்தாமல் போகும்? கிரகமெல்லாம் மினிபஸ்ஸிலையே போகுது?"

கடைசியில் புறோக்கர் உண்மையைக் கக்கினார். மாப்பிள்ளை பின்வளவில் கசிப்புச் சாராயம் காய்ச்சி விடியவே குடிக்கிறாராம், வீட்டுக்காரியே சொன்னாவாம். செல்வனும் நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அண்ணை சிரிக்கவில்லை. அலுமாரியைத் திறந்து அந்த இரண்டு கிளாஸையும் கடதாசியில் சுற்றி மேல்தட்டில் ஏற்றினார்.

மறுநாள் பிளெண்டர் ஓடவில்லை. ஒழுங்கை முழுவதும் பிந்தி எழும்பியது. பள்ளிக்கூட வானைத் தவறவிட்ட பிள்ளைகள், பஸ்ஸை விட்ட பெரியவர்கள் என்று வாசலில் ஆட்கள் வந்துவிட்டார்கள். "மாஸ்டருக்கு என்ன சுகமில்லையோ?" என்று கேட்டவர்களைக் கூட்டிக்கொண்டு கிரேஸ் அக்கா எங்களிடம் வந்தார். செல்வன் விளங்கப்படுத்தியபோது அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

"நான் நல்லதுதானே தம்பி சொன்னனான்" என்றார். பிறகு எழும்பி, தேவாலயத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். "ஓட்டோவைக் கூப்பிடுங்கோ. மெஷினையும் தூக்குங்கோ."

காங்கேசன்துறை வரைக்கும் பிளெண்டர் அவர் மடியில்தான் இருந்தது. செல்வனும் நானும் ஒட்டிக்கொண்டிருக்க, அண்ணை பழச்சீப்பையும் மற்றச் சாமான்களையும் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த வீட்டு மண்டபத்தில் மாமா இறுகிய முகத்தோடு இருக்க, அண்ணை எல்லாவற்றையும் மெஷினுக்குள் போட்டார், அக்கா பிளக்கைக் குத்தினார். "இதைத்தான் ஐயா அவர் அடிக்கிறவர்" என்று சுவிச்சைப் போட்டார். மண்டபம் அதிர்ந்தது. சத்தம் கேட்டுப் பெண் உள்ளேயிருந்து வந்துவிட்டார்.

கிளாஸை வாங்கி மூக்கில் வைத்து மணந்து, ஒரு வாய் குடித்துப் பார்த்து, உள்ளே என்னென்ன போட்டது என்று கேட்டார். அண்ணை ஒன்றும் விடாமல் ஒப்புவித்தார்.

"மாமா, இது கசிப்பில்லை" என்றார் பெண். "ஆனால் ஆரோக்கியமெண்டும் சொல்ல ஏலாது. நாலு பழம், பனங்கட்டி, பேரீச்சம்பழம், அதுக்கு மேலை தேன். நான் சீனி வருத்தக் கிளினிக்கிலை நிக்கிறனான். இப்பிடிக் குடிச்சால் இவர் அங்கைதான் வந்து நிப்பார்."

"அப்ப நான் குடிக்கவே கூடாதோ?" அண்ணையின் குரல் எங்களுக்கே மெல்லத்தான் கேட்டது.

"குடியுங்கோ. ஒரு பழம் போடுங்கோ, சீனி போடாத தயிர் விடுங்கோ, மற்ற இனிப்பெல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ. பழம் வேணுமெண்டால் சப்பித் தின்னுங்கோ. பல்லு சொந்தப் பல்லுத்தானே?"

"ஓம். பாவிக்காமல் புதுசா வைச்சிருக்கிறன்."

முதலில் சிரித்தது மாமாதான். பெண் ஒரு கதலியை உரித்து நீட்டினார். அண்ணை எங்கள் எல்லோருக்கும் முன்னால் அதை மெல்ல மெல்லச் சப்பித் தின்றார். சாதகம் மறுபடி பொருந்தியது.

கலியாணம் முடிந்து அண்ணை காங்கேசன்துறைக்குப் போய்விட்டார். இரண்டு கிளாஸையும் கொண்டுபோனார். அங்கே புது மெஷின் இருப்பதால் பழையதை எங்களுக்கு விட்டுப்போனார். ஒழுங்கையார் திரும்ப அலாரம் வைக்கத் தொடங்கினார்கள். செல்வன் ஊற்றாததால் குரோட்டன் வாடியது. இவ்வளவு காலமும் திட்டித் தீர்த்த சத்தம் இல்லாமல் எனக்கு நித்திரைகூட ஒழுங்காக வரவில்லை. அந்த மனிதரில் எனக்கு எவ்வளவு விருப்பம் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஒருநாள் ஐந்தரைக்குத் தானாக விழிப்பு வந்தது. எழும்பிப் போய் ஒரு பழத்தையும் தயிரையும் போட்டுச் சுவிச்சைத் தட்டினேன். கலண்டர் ஆடியது. முன்பாதியில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"தம்பி, அண்ணை வந்திட்டாரோ?"

"இல்லையக்கா, நான்தான். நிப்பாட்டட்டோ?"

அக்கா கதவை இன்னும் அகலத் திறந்துவைத்தார்.

"வேண்டாம், கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்றார்.

பழம் எப்போதோ கரைந்துவிட்டது. நான் நிறுத்தவில்லை.