பீன்யா கடலும் எத்திராஜ் மாமாவின் மீசையும்

பீன்யா, பெங்களூரு.
2025 அக்டோபர் 2, வியாழக்கிழமை, காலை 11.20.
வாந்தி எடுத்தவர்கள்: நான்கு பேர்.

மரியாதைக்குரிய எத்திராஜ் மாமாவுக்கு, ராகேஷ் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அத்தையும் ராயபுரத்துக் கயிற்றுக் கடையும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். போனில் சொன்னால் நடுவில் பேசிவிடுவீர்கள், அதனால்தான் கடிதம். மேலே உள்ள கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். படித்துவிட்டு மீசையை ஆசை தீரத் தடவிக்கொள்ளுங்கள்.

மறந்திருக்க மாட்டீர்கள். உங்கள் மகள் வைஷ்ணவி கல்யாணப் பந்தியில், இலையில் பாயசம் ஓடிக்கொண்டிருக்கும்போது, மொத்தச் சொந்தமும் கேட்க நீங்கள் சொன்னது: "டேய், கடலே இல்லாத ஊர்ல கடல் கட்டறியா? இருபது வருசம் கப்பல்ல இருந்தவன் சொல்றேன். உன் தொட்டியில ஒருத்தன், ஒரே ஒருத்தன், அலையில தல சுத்தி வாந்தி எடுத்தா நான் மீசைய எடுத்துடறேன். இல்லன்னா வேலைய உட்டுட்டு வந்து என் கடையில கயிறு அளந்து போடு." நானும் சரி என்றேன். அம்மாவைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

அது தொட்டி இல்லை மாமா. எண்ணெய்க் கிணற்று மேடைகளுக்கு ஹெலிகாப்டரில் போகிறவர்கள், அது கடலில் விழுந்தால் எப்படி உயிர்காப்புப் படகில் ஏறி உயிரோடு மிதப்பது என்று பழகும் இடம். கூரைக்குள் இருட்டு, மழை, காற்று, இடிச் சத்தம், அலை, எல்லாம் சுவிட்ச் போட்டால் வரும். வடிவமைத்தது நான். கட்டியது சிரில். அவர் அபார்ட்மெண்ட் நீச்சல் குளங்கள் கட்டிப் பழகியவர், கை சுத்தமான வேலைக்காரர், அதுதான் தொல்லை. நான் நான்கு பக்கமும் செங்குத்துச் சுவர் கேட்டேன். அலை போய் மோதித் திரும்பி வந்து அடுத்த அலையோடு நடுவில் சண்டை போட்டால்தான் படகு திசை தெரியாமல் ஆடும். வந்து பார்த்தால் ஒரு ஓரத்தில் அழகாகச் சரிவு, அதன் மேல் டால்ஃபின் டைல்ஸ். "சின்னப் பசங்க வந்தா கால நனைக்கட்டுமேன்னு பண்ணேன் தம்பி" என்கிறார். "இங்க சின்னப் பசங்க வரமாட்டாங்க சிரில் அண்ணே, ஹெலிகாப்டர்தான் வரும், அதுவும் தலைகீழா வரும்" என்று சொல்லி இடிக்க வைத்தேன். டால்ஃபின் உடையும்போது அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்புறம் நேற்று. சோதனை ஓட்டம் நேற்றுதான் நடந்திருக்க வேண்டும். ஆனால் ஆயுத பூஜை. சைட் சூப்பர்வைசர் கோவிந்தப்பா விடிவதற்குள் அலை போடும் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், ஆளுயர மாலை போட்டு, தண்ணீரை ஒட்டியே பூசணிக்காயை உடைத்துவிட்டார். பாதி தரையில், பாதி என் கடலில். அதை பம்ப் இழுத்து அடைத்துக்கொண்டது. சுத்தம் பண்ணிவிட்டு ஸ்டார்ட் பண்ணப் போனால் கோவிந்தப்பா குறுக்கே நிற்கிறார். "பூஜெ ஆயித்து சார். இவத்து முட்டோங்கில்லா." பூஜை முடிந்ததாம், இன்று தொடக்கூடாதாம். நானும் கத்திப் பார்த்தேன். மெஷின் நாள் முழுக்க மாலையோடு கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. பயிற்சித் தலைவி மமதா மேடம் அமைதியாக, "ராகேஷ், நாளெ நோடோணா" என்று கிளம்பிவிட்டார். நாளைக்குப் பார்ப்போம் என்று பொருள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்று காலை எட்டுப் பேர் வந்தார்கள். எல்லோரும் மிலிட்டரி ஆள் மாதிரி உடம்பு. நேற்று தடுத்ததற்கு மனசு கரைந்த கோவிந்தப்பா ஆளுக்கொரு கை பூஜைச் சுண்டல் கொடுத்து உபசரித்தார். எனக்கும் நீட்டினார், டென்ஷனில் வேண்டாம் என்றுவிட்டேன். எட்டுப் பேரும் படகில் ஏறினார்கள். விளக்கு அணைந்தது. மழை. காற்று. முதல் அலை போய்ச் சுவரில் மோதித் திரும்பி வந்தது பாருங்கள் மாமா, படகு நின்ற இடத்திலேயே குட்டிக்கரணம் போட்டது! கடல் மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய தொள்ளாயிரம் மீட்டர் உயரத்தில், வெளியே லாரிகள் ஹாரன் அடிக்க, நான் போட்ட கணக்குப்படி ஒரு புயல். சிரில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, டால்ஃபின் போனா போவுது" என்றார். பத்தாவது நிமிடம் ஒருத்தர் முடியவில்லை என்று கையைத் தூக்கி, வெளியே வந்து வாந்தி எடுத்தார். அப்புறம் இன்னொருத்தர். நான்காவது ஆள் வெளியே வந்து எடுத்தபோது நான் கை தட்டிவிட்டேன். மமதா மேடம் முறைத்தார். முறைக்கட்டும்.

எனவே, மீசை இல்லாத தங்கள் முகம் நீடூழி வாழ்க. அத்தைக்கு என் நமஸ்காரம். முதலில் பார்க்கும்போது பயப்பட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
வென்ற மருமகன்,
ராகேஷ்

பி.கு. கவரை ஒட்டும்போது கேட்டிலிருந்து சத்தம். செக்யூரிட்டி கண்ணா வாந்தி எடுக்கிறார். அவர் தண்ணீரைக் கண்டாலே பத்தடி தள்ளி நிற்கிற ஆள், இன்றைக்குக் குளத்துப் பக்கமே வரவில்லை. ஆனால் இரண்டு கை சுண்டல் தின்றிருக்கிறார். அது நேற்றைய சுண்டல், தேங்காய் போட்டது, மெஷினுக்குப் பக்கத்திலேயே ராத்திரி முழுக்க இருந்தது. நேற்றே ஓட்ட விட்டிருந்தால் இந்தச் சந்தேகமே வந்திருக்காது. படகு கவிழ்ந்தது நிஜம், அதில் சமரசமில்லை. மீசை விஷயம் மட்டும் நிறுத்திவைக்கப்படுகிறது. இனி நான் செய்யப்போவது:

1. மீதிச் சுண்டலை கோவிந்தப்பா கையாலேயே கொட்ட வைப்பேன்.
2. திங்கட்கிழமை மறுபடி அலை போடுவேன். வருகிற எல்லோருக்கும் இட்லி, என் கண் முன்னால்.
3. முதல் படகில் நானே ஏறுவேன், உங்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு.
4. ஞாயிறு ராத்திரி ரயிலில் உங்களுக்கு டிக்கெட் போடுவேன். வரும்போது ரேசர், கடைச் சாவி, இரண்டையும் எடுத்து வாருங்கள்.