ஏழாம் வீட்டில் பூமி

ஒரு காட்டில், பெயரைச் சொன்னால் அடுத்த மாதமே அங்கே ரிசார்ட் வந்துவிடும் என்பதால் பெயர் வேண்டாம், அப்படி ஒரு காட்டில் பூவாத்தாள் என்ற தேவாங்கு இருந்தாள். அவளுக்குக் கண் பெரிசு. முகத்தில் பாதி கண்தான். காட்டின் அறிவியல் மன்றத்தில் அவளுக்கு வேலை கிடைத்ததும் அந்தக் கண்ணால்தான்.

மன்றம் என்றதும் பெரிதாக எதுவும் கற்பனை செய்ய வேண்டாம். சுற்றுலா வந்தவர்கள் யானையைப் பார்த்துத் தலைதெறிக்க ஓடியபோது விட்டுப்போன ஒரு தொலைநோக்கி. அதை நிறுத்தி வைக்க ஒரு பாறை. அந்தப் பாறைமேல் ஒற்றைக் காலில் நின்று தலைமை தாங்க முனைவர் கொக்கு. கொக்கு பகுத்தறிவில் கறாரானவர். நிரூபிக்காத எதையும் நம்பமாட்டேன் என்று வாய்க்கு வாய் சொல்வார். ஆனால் ஞாயிற்றுக்கிழமையானால் ராகு காலம் முடிகிறவரை தொலைநோக்கியின் மூடியைத் திறக்க விடமாட்டார். அதன் காலில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டியிருந்தார். ஏன் என்று கேட்டால், "பூச்சி அண்டாது. அது வேதியியல்" என்பார்.

பூவாத்தாள் அந்த வேலைக்கு வந்ததற்கு அறிவு தாகம் காரணம் இல்லை. அவளுக்குச் செவ்வாய் தோஷம். பிறந்த அன்றே ஓணான் சாமியார் கட்டம் போட்டுப் பார்த்து, ஏழாம் வீட்டில் செவ்வாய் சப்பணமிட்டு உட்கார்ந்திருப்பதாகச் சொல்லிவிட்டார். சாமியாருக்குக் கழுத்து சிவப்பு. செவ்வாயின் அருள் நேராக இறங்கிய இடம் அது என்று காடே நம்பியது. எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவார். ஓணான் தலையை ஆட்டாமல் வேறு எதை ஆட்டும்? பக்தர்கள் அதை அருள்வாக்கு என்று எடுத்துக்கொண்டார்கள்.

பக்கத்து மலையில் மாரப்பன் என்ற தேவாங்குக்கு அவள்மேல் உயிர். அவளுக்கும் அப்படித்தான். குறுக்கே நின்றது மாரப்பனின் அம்மா வேலாத்தாள். ஆனால் கெட்ட மனசு இல்லை.

"உன்னையப் புடிக்காம இல்ல அம்மிணி. உன்ற கெரகத்தைத்தான் புடிக்கல. தோஷக்காரியக் கட்டுனா எம்பையன் உசுருக்கு ஆகாதாம். நானென்ன பண்ணட்டும்?"

பரிகாரம் உண்டு. முதலில் ஒரு வாழை மரத்துக்குக் கழுத்தை நீட்டிவிட்டு, அப்புறம் மாரப்பனைக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் யானை திரிகிற காட்டில் வாழை மரம் முகூர்த்த நாள் வரைக்கும் எங்கே நிற்கிறது? பூவாத்தாளுக்குப் பார்த்த மாப்பிள்ளை வாழையை யானை தின்றது. வேறொன்று பார்த்தார்கள். அதையும் தின்றது. 'ரெண்டு புருசனை முழுங்குனவ' என்ற பெயர்தான் மிச்சம். அன்றைக்கு அவள் கிளையில் சுருண்டு உட்கார்ந்து, யானையைத் திட்டுவதா கிரகத்தைத் திட்டுவதா என்று தெரியாமல் அழுதாள். தன் கல்யாணத்தின் குறுக்கே கால் நீட்டிப் படுத்திருக்கும் அந்தச் செவ்வாயின் மூஞ்சியை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்றுதான் மன்றத்தில் சேர்ந்தாள்.

ஒரு நாள் பொழுது சாய்ந்ததும் பார்த்தாள். செவ்வாயின் ஓரத்தில் ஒரு வெளிச்சம். மினுக்கென்று எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. கண்ணாடியில் மின்மினி ஒட்டியிருக்கிறதோ என்று துடைத்துவிட்டுப் பார்த்தாள். வெளிச்சம் அங்கேயே இருந்தது. மறுநாள் அதன் பக்கத்தில் இன்னொன்று. அதற்கடுத்த நாள் ஒரு வரிசையே நின்றது.

ஓடிப்போய்க் கொக்கிடம் சொன்னாள். கொக்குக்கு மீன் பார்க்கிற கண், தூரத்தில் எதுவும் தெரியாது. அதை வெளியே சொன்னால் கௌரவம் என்னாவது? அதனால் பார்க்காமலே சொன்னார்.

"உறைபனி. சூரிய ஒளி பட்டுத் திரும்புகிறது."

"வரிசையா இருக்குதுங்களே அய்யா?"

"பனி வரிசையாகத்தான் பெய்யும்."

மறுநாள் காட்டுக்கே அறிவிப்பு வந்தது. அந்த வெளிச்சத்துக்குக் 'கொக்கொளி' என்று பெயர் சூட்டப்பட்டது.

அதே நாளில் ஓணான் சாமியாரும் அறிவிப்பு விட்டார். "செவ்வாய் பகவான் கண்ணைத் திறந்துட்டார். குழாய வச்சு வீட்டுக்குள்ள எட்டிப் பார்த்தா யாருக்குத்தான் கோவம் வராது? இனி தோஷம் இருக்கிறவங்களுக்கு இரட்டிப்பு."

காடு இரண்டாகப் பிளந்தது. குரங்குகள் மரத்துக்கு மரம் ஃபிளெக்ஸ் கட்டின, இரண்டு தரப்புக்கும் ஒரே குரங்குகள்தான். 'வெளிநாட்டுக் குரங்குகளே ஒப்புக்கொண்ட உண்மை' என்று எல்லாக் குழுக்களிலும் செய்தி சுற்றியது. எந்த உண்மை என்று யாரும் திறந்து படிக்கவில்லை, அடுத்தவருக்கு அனுப்பினார்கள்.

இந்த அமளியில் வேலாத்தாள் ஒரு வாக்குக் கொடுத்தாள். "பட்டிமன்றம் வச்சு ஒரு முடிவு சொல்லட்டும். அறிவியல்தான்னு தீர்ப்பு வந்தா, வர்ற முகூர்த்தத்துலயே எம்பையன் தாலி கட்டுவான். சாமிதான்னு வந்தா, மேல்மலைல ஒரு புள்ள பாத்து வச்சிருக்கறேன். மனசத் தேத்திக்க அம்மிணி."

கிரகத்தில் என்ன எரிகிறது என்பதைப் பட்டிமன்றம் வைத்து முடிவு செய்வதா என்று யாரும் கேட்கவில்லை. வேறு எப்படி முடிவு செய்வது? கரடி நடுவராக வந்தார். மைக் பிடித்தால் விடாத கரடி. மேடையில் தொலைநோக்கிக்கும் ஒரு பொன்னாடை போர்த்தி, மாலை போட்டு, ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள்.

கொக்கு அணி பனி என்றது. ஓணான் அணி கண் என்றது. இரண்டு பக்கமும் மாமியார் மருமகள் ஜோக்குகளைச் சொன்னார்கள், கூட்டம் உருண்டு புரண்டு சிரித்தது. பூவாத்தாளுக்குச் சிரிப்பு வரவில்லை. தூரத்தில் மாரப்பன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். அவள் மேடையருகே போய், "அய்யா, செவ்வாய் இப்ப மேல வந்துருச்சுங்க. ஒரு எட்டுப் பாத்துட்டே பேசலாமுங்களே" என்றாள்.

"மணி அடிச்சாச்சும்மா" என்றார் கரடி.

பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு தீர்ப்பைத் தொடங்கினார். இந்த அணி பேசியதும் அற்புதம், அந்த அணி பேசியதும் அற்புதம் என்றார். கடைசியாக, "ஒளி என்பது அறிவியல், அது ஒளிர்வது ஆன்மிகம்!" என்று முடித்தார். கைதட்டலில் மரத்தில் தொங்கிய வௌவால்கள் கலைந்தன.

வேலாத்தாள் எழுந்து நின்றாள். "அதெல்லாஞ் சரிங்க. நாங் கல்யாணம் பண்ணலாமா வேண்டாமா?"

"தாராளமாகப் பண்ணலாம்மா."

"அப்ப தோஷம்?"

"அதுவும் தாராளமாக இருக்கிறது."

வேலாத்தாள் மேல்மலைக்கு ஆள் அனுப்பக் கிளம்பிவிட்டாள். கூட்டம் சுண்டலுக்கு முண்டியடித்தது. பூவாத்தாள் மேடையேறிப் பொன்னாடையை உருவி எறிந்தாள். தொடவே கூடாது என்று கொக்கு தொலைநோக்கிப் பெட்டிக்குள் மூடி வைத்திருந்த பெரிய கண்ணாடியை எடுத்து மாட்டினாள். கண்ணை வைத்தாள்.

இப்போது எல்லாம் பக்கத்தில் தெரிந்தது. வெளிச்சங்கள் பனியும் இல்லை, கண்ணும் இல்லை. விளக்குகள். சிவந்த மணலில் விளக்குகளை வரிசையாக வைத்துப் பெரிய கட்டம் போட்டிருந்தார்கள். நடுவில் காலி, சுற்றிலும் பன்னிரண்டு வீடு. அதில் ஏழாம் வீட்டில் மட்டும் நீலமாக ஒரு விளக்கு. கட்டத்தைச் சுற்றிப் பல கால் கொண்ட சிவப்புப் பிராணிகள் பயபக்தியோடு வலம் வந்தன.

அந்த நீலம் எது என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நீலமாக இருப்பது நாம்தான்.

கூட்டத்தைவிட்டுத் தள்ளி ஒரு சின்னப் பிராணி தனியாக உட்கார்ந்திருந்தது. அதன் முன்னால் ஒரு குழாய், இந்தப் பக்கம் பார்த்து. அழுததா என்பது அவ்வளவு தூரத்தில் தெரியாது. ஆனால் அந்த மாதிரி சுருண்டு உட்காருவது யார் என்று பூவாத்தாளுக்குத் தெரியும். பார்க்கப் பார்க்க அவளுக்கு மனசு பொறுக்கவில்லை. கையைத் தூக்கினாள். அங்கே அதுவும் ஒரு காலைத் தூக்கியது.

பூவாத்தாள் போட்ட சத்தத்தில் சுண்டல் சிதறியது. ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். பெரிய கண்ணாடியில் கொக்குக்கே தெரிந்தது.

"என்ன திமிர்!" என்று சீறினார் ஓணான் சாமியார். கழுத்து இன்னும் சிவந்தது. "பூமி அவங்களுக்குத் தோஷமாம்! கோடி கோடி மைல் தள்ளி இருக்கிற ஒரு உருண்டை எப்படிய்யா கல்யாணத்தைக் கெடுக்கும்? சுத்த மூடநம்பிக்கை!"

கொக்கு தூக்கி வைத்திருந்த காலையும் ஊன்றிவிட்டார். "பூமி நம் தாய். புனிதமானவள். அவளைப் பழிப்பதை இந்த மன்றம் ஒருநாளும் பொறுக்காது!"

இருவரும் அதுவரை பேசிக்கொண்டதே இல்லை. இப்போது தோளோடு தோள் நின்று கண்டனத் தீர்மானம் எழுத ஆரம்பித்தார்கள்.

பூவாத்தாள் இதுதான் சமயம் என்று நினைத்தாள். "பாத்தீங்களா? நம்மளால அவங்களுக்கு ஒரு கெடுதலும் இல்லீங்கள்ல? அப்ப அவங்களாலயும் நமக்கு ஒண்ணும் இல்லீங்க. தோஷமே பொய்யுங்க!"

ஓணான் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "அவங்க சொல்றது பொய். நாம சொல்றது உண்மை. ரெண்டும் எப்படிம்மா ஒண்ணாகும்?"

"தர்க்கப்படி சரி" என்றார் கொக்கு.

பூவாத்தாள் மாரப்பனைப் பார்த்தாள். அவன் கண்ணில் நீர் முட்டியிருந்தது. உண்மையைச் சொல்லிப் பார்த்தாயிற்று, கண்ணால் காட்டியும் பார்த்தாயிற்று. இனி என்ன இருக்கிறது? பெருமூச்சு விட்டாள். முகத்தைப் பவ்யமாக வைத்துக்கொண்டாள்.

"தெரியாமப் பேசிட்டனுங்க சாமி. ஒரு சந்தேகமுங்க. பொண்ணுக்கும் தோஷம், மாப்பிள்ளைக்கும் தோஷம்னா கழிஞ்சு போயிருமுங்கள்ல?"

ஓணான் தலையை ஆட்டினார்.

"அந்தக் கிரகத்துக்காரங்க வெளக்கு வச்சுக் கும்புடறாங்கன்னா, பூமி தோஷம்னு ஒண்ணு இருக்கத்தானுங்களே செய்யும்? அப்ப பூமில பொறந்தவங்க எல்லாத்துக்கும் அது ரத்தத்துலயே இருக்கும். மாரப்பன் பூமிலதான பொறந்தாருங்க?"

ஓணான் தலையை ஆட்டினார். பழக்கதோஷம்.

வேலாத்தாளுக்கு முகம் வெளிறியது. "அய்யோ, அப்ப எம்பையனுக்கும் தோஷமா?"

"உங்களுக்குந்தானுங்க அத்தை. மேல்மலைக்காரங்க இன்னும் கேள்விப்படல."

வேலாத்தாள் மேல்மலைப் பக்கம் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். சேதி அங்கே போய்ச் சேர்ந்தால் யார் தன் வீட்டுக்குப் பெண் கொடுப்பார்கள் என்று கணக்குப் போட்டாள். அப்புறம் சட்டென்று பூவாத்தாளின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "ரெண்டு பேருக்கும் தோஷம்! பொருத்தம் அம்சமா இருக்குதே! இத்தனை நாளா இந்தப் பெரியவங்க யாராச்சும் சொன்னாங்களா?"

நம்பாத ஒன்றைக் கண் இமைக்காமல் பேசியது பூவாத்தாளுக்கு அதுதான் முதல் தடவை. நெஞ்சு உறுத்தியது. மாரப்பன் ஓடிவந்து கையைப் பிடித்ததும் உறுத்தல் நின்றுபோனது.

அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். ஓணான் மந்திரம் சொன்னார். கொக்கு, இது அறிவியல் முறைப்படி நடக்கும் திருமணம் என்று நீளமாகப் பேசினார். பூவாத்தாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பாறைமேல் விளக்கு வைத்துப் பெரிதாகக் கட்டம் போட வேண்டும், ஏழாம் வீட்டில் சிவப்பு விளக்கு வைக்க வேண்டும். தகவல் தொடர்பு என்று கொக்கு சம்மதித்தார். பரிகாரம் என்று ஓணான் சம்மதித்தார்.

மாலையும் கழுத்துமாக அவள் தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள். அந்தச் சின்னப் பிராணி குழாய்க்குள் பார்த்துக்கொண்டே இருந்தது. திடீரென்று துள்ளியது. அத்தனை காலையும் ஆட்டிக்கொண்டு கூட்டத்துக்கு ஓடி, அங்கே உப்பிக் கொழுத்த ஒரு கிழப் பிராணியைக் குழாய்ப் பக்கம் இழுத்து வந்தது. பூவாத்தாள் வாய்விட்டுச் சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

மறுநாள் செவ்வாயில் கட்டம் இல்லை. பனி உருகிவிட்டது என்று கொக்கு அறிவித்தார். கண் மூடிக்கொண்டது என்று ஓணான் அறிவித்தார். அதை அணைத்தது யார் என்று கரடி தலைமையில் மறுபடி பட்டிமன்றம் வைத்தார்கள். பூவாத்தாள் அதற்குப் போகவில்லை. மாரப்பனோடு பாறைக்குப் போய் ஒரு தடவை மட்டும் பார்த்தாள். அங்கே குழாய் பக்கத்தில் யாரும் இல்லை. கல்யாண வேலையாக இருக்கும்.

நீதி: ஒரு தோஷத்தை ஒழிக்க அறிவியலும் வேண்டாம், ஆன்மிகமும் வேண்டாம், மாப்பிள்ளை வீட்டுக்கும் அது இருப்பதாக நிரூபித்துவிட்டால் போதும்.