வெள்ளி கறுத்த விவகாரம்

“ஏம்மா, வெள்ளியை முழுங்கிட்டுக் கரியைக் கக்கி வெச்சிருக்கியா?”

மனிதகுலம் இதுவரை எழுப்பிய விஞ்ஞானக் கேள்விகளில் இதுவே தலைசிறந்தது. கேட்டவர் தொழிற்சாலை மேலாளர். கேட்கப்பட்டவள் பொடியக்கா. வெள்ளிக் கட்டியை அமிலத்தில் கரைத்து, பொடியாகப் படியவைத்து, கழுவிக் காயவைத்துக் கொடுப்பது அவள் வேலை. அந்தப் பொடி இத்தனை காலமும் சாம்பல் பூத்த வெள்ளையாக, அடக்கவொடுக்கமாக இருந்துவந்தது. “இன்னும் நைசா வேணும்” என்று மேலாளர் உத்தரவிட்டார். அவளும் நைசாக்கினாள். இப்போது தட்டில் அடுப்புக்கரி மாதிரி ஒன்று உட்கார்ந்திருந்தது.

“எடை போட்டுப் பாருங்கய்யா. துளி குறையாது.”

“எடை சரியாத்தான் இருக்கு. நிறம் எங்க போச்சு?”

அது அவளுக்கும் தெரியவில்லை. சாயங்காலத்துக்குள் மேலாளர் தலைமையில் ‘நிறக் களவு விசாரணைக் குழு’ உதயமாயிற்று. குற்றம் உறுதியானால் வேலை போகும், போலீசும் வரும். வீட்டில் புருஷன் ஆறுதல் சொன்னான்: “எடுத்ததுதான் எடுத்தே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

குழு முதலில் சோதனைக்கூடத்துப் பெண்ணை விசாரித்தது.

“கட்டியா இருந்தா மேல படற வெளிச்சம் அப்படியே திரும்பிடும் சார். அதான் பளபளப்பு. இவ்வளவு நைசான பொடியில வெளிச்சம் இடுக்குக்குள்ள நுழைஞ்சுடும். ஒரு துகள்ல மோதி, அடுத்ததுல மோதி, மோத மோதத் தேஞ்சு உள்ளேயே அடங்கிடும். வெளிய எதுவும் வராததால கறுப்பாத் தெரியுது. உருக்கிப் பாருங்க, பழையபடி வெள்ளி.”

“ஆக, உள்ள போனது வெளிய வரல. திருட்டுன்னு நீங்களே ஒத்துக்கறீங்க.”

“வெளிச்சத்தைத் தின்னது பொடி சார், அக்கா இல்ல!”

“பொடி வெச்சுப் பேசாதீங்க.”

விஷயத்தை நுணுக்கமாக ஆராயவேண்டும் என்பதால் குழு துணைக்குழுக்களாகப் பிரிந்தது. துணைக்குழுக்கள் உபகுழுக்களாகப் பிரிந்தன. ஆளுக்கொரு குழு என்றான பிறகே மேலாளருக்கு மனம் ஆறியது. “உருக்கிப் பார்க்க அனுமதி வேண்டும்” என்று பொடியக்கா கொடுத்த மனு ஒரு மேசையில் மோதியது, அடுத்த மேசைக்குப் போய் அங்கும் மோதியது, மோத மோதத் தேய்ந்தது. வெளியே எதுவும் வரவில்லை. விஞ்ஞானத்தை இவ்வளவு விசுவாசமாகக் கடைப்பிடித்த அலுவலகம் வேறெங்கும் இல்லை.

இதற்கிடையே ஒவ்வொரு குழுவும் ஆய்வுக்கென்று தட்டிலிருந்து ‘மாதிரி’ எடுத்துக்கொண்டது. கடமையில் கண்ணும் கருத்துமான சிலர் மறுபடியும் நைசாக வந்து எடுத்தார்கள்.

பொடியைப் பார்க்க முதலாளியே நேரில் வருகிறார் என்றதும் அனுமதி தானாகப் பிறந்தது. அன்று காலையில் குழுவினர் முண்டியடித்துக்கொண்டு ‘இறுதி மாதிரி’ எடுத்தார்கள். கரண்டி கைமாறும்வரை காத்திருக்கப் பலருக்குப் பொறுமையில்லை.

மீதிப் பொடியை முதலாளி முன்னிலையில் உருக்கினார்கள். கறுப்பு மறைந்து, நிலாத் துண்டு மாதிரி வெள்ளி மின்னியது. பொடியக்காவுக்கு மூச்சு வந்தது.

“நிறம் சரி,” என்றார் முதலாளி. “இவ்வளவுதானா? மீதி எங்க?”

சுண்டுவிரல் நகத்தளவுதான் இருந்தது.

“இப்பவாவது புரியுதா முதலாளி, திருடி யாருன்னு?” மேலாளர் முந்திக்கொண்டார்.

பொடியக்கா தன் ரப்பர் கையுறைகளைக் கழற்றினாள். வெளிறிய இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் விரித்துவைத்தாள்.

“நைசுப் பொடி விரல்ல பட்டா லேசுல போகாதுங்க முதலாளி. எல்லாரையும் இப்படிக் கையை வைக்கச் சொல்லுங்க.”

மேசைமேலிருந்த கைகளெல்லாம் ஒரே சமயத்தில் கீழே இறங்கின. ஒற்றுமைக்கு உதாரணமான குழு. மேலாளர் மட்டும் வேர்வையைத் துடைப்பதற்காகக் கையை உயர்த்தினார். நெற்றியில் மூன்று கறுப்புக் கோடுகள் விழுந்தன.

“நீங்களும் வைங்க,” என்றார் முதலாளி.

மேலாளர் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு எழுந்தார். அப்பழுக்கில்லாத கை சுத்தம் அவருடையது. கதவைக்கூடக் கையால் தொடாமல், தோளால் தள்ளித் திறந்துகொண்டு போய்விட்டார்.