எனக்குக் கிடைத்த சம்மன்

எங்கள் பக்கத்தில் சம்மன் 'வரும்'. காய்ச்சல் வருவதுபோல, வெள்ளம் வருவதுபோல. யாருக்கும் அது 'கிடைக்காது'. கிடைத்துவிட்டது என்று குதித்த ஒரே அறிவாளி நான்தான்.

உழுபவனுக்கே நிலம் என்று மேடைக்கு மேடை பேசிய காலம் அது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் நாங்கள் குத்தகைக்கு உழுத நிலத்தை விட்டு எங்களை வெளியேற்ற நிலத்துக்காரர் கேஸ் போட்டிருந்தார். சம்பா பால்பிடித்து நின்றது. சம்மனைக் கையில் வாங்காமல் இழுத்தடித்தால் அறுப்பை முடித்துவிடலாம் என்று அப்பா நினைத்தார். கோர்ட் ஆளின் சைக்கிள் தெருமுனையில் தெரிந்தாலே வயலுக்குள் இறங்கிவிடுவார்.

எனக்கும் இது தெரியும். ஆனால் நான் பி.ஏ. முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, அரசாங்கம் கூப்பிடும் என்று காத்திருந்தவன். (காத்திருந்தேன் என்பது கௌரவமான சொல். ஏங்கிக் கிடந்தேன்.)

அன்று காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். அப்பா கொல்லை வழியாக மறைந்துவிட்டார்.

"சின்னையன் வீடுதானே? நீங்க யாரு தம்பி?"

"அவர் மகன். பி.ஏ."

"அப்ப கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க."

அரசு முத்திரையைப் பார்த்ததும் மூளை படுத்துவிட்டது. தபாலில் வரவேண்டியதை ஆளே கொண்டுவருகிறார் என்றால் பெரிய வேலையாகத்தான் இருக்கும். படித்துக்கூடப் பார்க்காமல், ஆங்கிலத்தில், வால் நீட்டிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு சொம்பு மோரும் கொடுத்தேன். கொல்லைப் பக்கம் திரும்பி, "அப்பா, கிடைச்சிருச்சு" என்று கத்தினேன்.

என்னைவிட அதிகமாக ஏங்கிக் கிடந்தவர் அவர். ஒளிந்திருப்பதையே மறந்து, முழங்கால் சேற்றோடு, முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்தார்.

"நீங்கதான் சின்னையனா? திங்கக்கிழமை பத்தரைக்குக் கோர்ட்டுல ஆஜராகணும்" என்றார் காக்கிச் சட்டைக்காரர்.

அப்பா என்னைப் பார்த்தார். சொம்பைப் பார்த்தார்.

"மோரு வேற குடுத்தியா?"

"குடுத்தேம்ப்பா."

"சரி" என்றார். அதற்குப் பதில் அடித்திருக்கலாம்.

திங்கட்கிழமை கோர்ட் வாசலில் டவாலி நின்று கூப்பிட்டார்: "மாரிமுத்து மகன் சின்னையன்." அப்பா அசையவில்லை. இரண்டாம் முறையும் அசையவில்லை. மூன்றாம் முறை கூப்பிட்டபோது நான் விலாவில் இடிக்க, "ஆஜருங்க" என்று உள்ளே போனார்.

"ஏம்ப்பா பேசாம நின்னீங்க?" என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"பண்ணையில 'டேய்'னுதான்டா கூப்பிடுவாங்க. எங்கப்பன் பேரையும் சேத்து யாரு கூப்பிட்டா? அதான் கேட்டுக்கிட்டே நின்னுட்டேன்."

வாய்தா மேல் வாய்தா விழுந்ததில் அறுப்பு எப்படியோ முடிந்தது. பிறகு சமரசம் பேசியதில் பாதி நிலம் போனது. அரசாங்கம் கடைசிவரை என்னைக் கூப்பிடவில்லை, உரக்கடை வைத்தேன். ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது டவாலி முறையில்தான். அப்பாவும் கொல்லையிலிருந்து "ஆஜருங்க" என்று வருவார்.

அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. இப்போது பேத்தி என்னைக் கூப்பிடுகிறாள்: "சின்னையன் மகன் ராமலிங்கம்." மூன்றாம் முறைவரை நான் வாய் திறப்பதில்லை. தாத்தாவுக்குக் காது மந்தம் என்று சிரிக்கிறார்கள். அப்பா பெயரைச் சத்தமாகச் சொல்ல இந்த வீட்டில் வேறு நேரமே இல்லை.