எந்த ரூட்டால வந்தனீங்கள்?

லண்டன் தமிழரில் ரூட்டாளர் என்றொரு இனம் உண்டு. வாசகரே, அவரை நீங்கள் கட்டாயம் சந்தித்திருப்பீர்கள். சட்டனில் நடக்கும் பிறந்தநாள் விழாவுக்கு வால்தம்ஸ்டோவிலிருந்து இரண்டு மணித்தியாலம் கார் ஓட்டி, வழியில் சின்னவன் வாந்தியெடுத்து, மனைவியோடு இரண்டு தரம் முகத்தை முறித்துக்கொண்டு, கேக் வெட்டி முடிந்த பிறகு மண்டபத்துக்குள் நுழைகிறீர்கள், வாசலில் ஒரு கையில் ரோல்ஸும் மறு கையில் பேப்பர் கோப்பையுமாக நிற்பவர், சுகம்கூட விசாரிக்காமல், "எந்த ரூட்டால வந்தனீங்கள்?" என்று கேட்பார்.

"பிளாக்வோல் டனலால அண்ணை."

"ஐயோ! ஆர் உங்களுக்கு அந்தப் பக்கம் சொன்னது? எம்-25ஐப் பிடிச்சிருந்தா அரை மணித்தியாலத்துக்கு முதலே வந்திருப்பியள்."

லண்டனைச் சுற்றி ஓடும் அந்த எம்-25ஆல் வந்திருந்தால்? அப்போது டனலைச் சொல்லுவார். நீங்கள் வந்த வழி எதுவோ, அது பிழை. அவருக்கு வழி சொல்லும் சாட்நாவ் பிடிக்காது. "அதுக்குள்ள இருந்து கதைக்கிற பொம்பிளை சனிக்கிழமை ஸ்ட்ரெதம் ஹை ரோட்டைக் கண்டவவோ?" என்பார். செத்த வீட்டில் பெட்டியைத் தூக்கும் நேரத்தில்கூட, மயானத்துக்கு எந்தப் பக்கத்தால் போனால் சிக்னல் குறைவு என்று கறுப்புக் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரச் சாரதிக்குச் சொல்லிக்கொடுக்க மூன்று பேர் முண்டியடிப்பார்கள்.

ஒளிப்பானேன்? அந்த மூவரில் ஒருவன் நான். பெயர் விக்னேஸ்வரன், ஸ்ட்ரெதம்வாசி, இத்தொழிலில் இருபது வருட அனுபவம்.

2007இல் என் மனைவி நகுலேஸ்வரியின் தங்கை மகள் வான்மதிக்குக் கலியாணம். மாப்பிள்ளை சிட்னி. இரு வீட்டாருக்கும் நடுவழி என்று தாய்லாந்தில் கோ சமுய் தீவைப் பிடித்தார்கள். வான்மதிக்குத் தகப்பன் இல்லை. நானும் நகுலேஸ்வரியும் பெற்றோர் இடத்தில் இருந்து அவளைக் கன்னிகாதானம் செய்துகொடுக்க வேண்டும். "பெரியப்பா, இட் ஹாஸ் டு பி யூ" என்று அவள் வந்து கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன்.

தீவுக்குப் போகும் வழிகளை நாற்பத்திரண்டு பக்கம் பிரிண்ட் எடுத்தேன். முதல் நாளே தீவுக்குப் போய்விடுவோம் என்றாள் நகுலேஸ்வரி. கேட்பேனா? விடியற்காலைப் படகில்தான் கடல் ஆடாது என்பது என் ஆராய்ச்சி. ஆகவே கலியாணத்தன்று காலை, பட்டு வேட்டியும் பட்டுச் சேலையுமாக, லண்டன் கூட்டம் பன்னிரண்டு பேர், ஐயர் உட்பட, படகில் ஏறினோம். கடல் உண்மையாகவே ஆடவில்லை. அன்று நான் சரியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

கரை தெரிந்தபோது ஒரு தாய்லாந்துப் பெண் வந்து எல்லோர் நெஞ்சிலும் நிறநிறமாய் ஸ்டிக்கர் ஒட்டினாள். எந்த நிறமோ அந்த நிற அட்டை போட்ட வான் உங்களை ஹோட்டலில் இறக்கும். எங்களுக்கு மஞ்சள். வால்தம்ஸ்டோ செல்வரத்தினம், ஆயுளில் ஒரு வழியும் தெரியாதவர், எங்கே போனாலும் முன்னுக்குப் போகிற காரின் வாலைப் பிடித்துக்கொண்டே போகிறவர், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு ஒட்டிக்கொண்டார். ஐயர்கூடச் சால்வையில் ஒட்டிக்கொண்டார். நான் பிய்த்து எறிந்தேன்.

"நான் என்ன பார்சலோ?"

துறையில் இறங்கிப் பார்த்தால் வான்கள் எல்லாம் இடப்பக்கம் திரும்பி நெரிசலில் நிற்கின்றன. வலப்பக்கம் வெறும் ரோடு. என் ரூட்டாளர் இரத்தம் துள்ளியது. பின்னால் ஆட்கள் இருக்க இரண்டு வாங்கு போட்டுக் கூரை அடித்த சிவப்புப் பிக்கப் ஒன்று அந்தப் பக்கம் புறப்படத் தயாராக நின்றது.

"இதில ஏறும். தீவைச் சுத்தி ஒரே ரோட்டுத்தான். எம்-25 மாதிரி. எந்தப் பக்கத்தால போனாலும் வரும். ஹீத்ரோவில நெரிசலெண்டால் டார்ட்ஃபோர்ட்டால சுத்தி வந்தவன் நான்!"

நகுலேஸ்வரி வாகனத்தையும் பார்க்கவில்லை, ரோட்டையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ஹோட்டல் இடப்பக்கம், கால் மணித்தியாலம் எண்டு ஐயருக்கே தெரியும். முகூர்த்தம் பதினொன்றரையோட முடியுது. நான் வானில போறன். நீங்கள் வாறியளோ, இல்லையோ?"

"உமக்கு முதல் அங்க நிக்கிறன், பாரும்."

அப்போது மணி ஒன்பதரை. நான் ஏறிய பிக்கப் தெற்கே அழகாகத்தான் ஓடியது. தென்னந்தோப்பு, கடல், காற்று. முக்கால் மணித்தியாலத்தில் லமாய் என்ற கடைத்தெருவில் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். சாரதியும் இறங்கிச் சோறு வாங்கப் போனார். நான் மட்டும் வாங்கில் இருந்தேன்.

"பினிஷ்" என்றார் சாரதி, சோற்றுப் பார்சலோடு திரும்பி வந்து.

அந்தப் பிக்கப்புகள் தீவைச் சுற்றுவதில்லையாம். பாதி வழி வந்து, ஆள் சேர்ந்தால் வந்த வழியே திரும்பிப் போகுமாம். ரோடு வட்டம்தான், வாகனம் வட்டமில்லை. இது நாற்பத்திரண்டு பக்கத்தில் எங்கேயாவது இருந்ததோ என்னவோ, நான் வரைபடங்களை மட்டும்தான் பார்த்தேன். என்னிடமிருந்த ஆங்கிலமும் கையும் காலும் ஒரு பயனும் தராமல் ஒரு மணித்தியாலம் போனது. கடைசியில் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் இரங்கி ஏற்றினார். பட்டு வேட்டியை ஒரு கையால் பொத்திப் பிடித்தபடி, மறு கையால் அந்த மனிதரின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, தீவின் மிச்ச அரைவாசியையும் பார்த்து முடித்தேன்.

போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு மணி. மணவறைக்கு முன்னால் ஹோமப் புகை அடங்கிக்கொண்டிருந்தது. வான்மதியின் கழுத்தில் தாலி. அவள் கையைப் பிடித்துக் கொடுத்தவர்கள் செல்வரத்தினமும் அவர் மனைவியும். அவருடைய சட்டையில் இன்னும் மஞ்சள் ஸ்டிக்கர். நான் இல்லாதபடியால் நகுலேஸ்வரியும் தனியே மணவறையில் இருக்க முடியாமல் போயிற்று. வான்மதி ஓடி வந்து என் முகத்தைத் துடைத்து, "பெரியப்பா, யூ ஓகே?" என்றாள். அவள் என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நகுலேஸ்வரி மெல்லச் சொன்னாள்: "ஐயர், 'கையைப் பிடியுங்கோ' எண்டு சொன்னபிறகும் பிள்ளை வாசல் கேற்றைத்தான் பாத்துக்கொண்டு இருந்தவள்."

எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தில் சாப்பிடவும் முடியவில்லை.

இதோடு திருந்தியிருப்பேன் என்று நினைக்கிறீர்களா? அடுத்த மாதமே தாய்லாந்துக்குப் புறப்பட்ட நண்பர் ஒருவருக்கு, அந்தத் தீவில் எந்தப் பக்கத்தால் போகவேண்டும் என்று முக்கால் மணித்தியாலம் போனில் விளக்கினேன். அனுபவசாலி அல்லவா?

நீங்கள் சிரிக்கிறீர்கள். 'நான் இந்த இனமில்லை, நல்ல காலம்' என்று நினைக்கிறீர்கள். சரி. ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்: நான் லமாயில் திகைத்து நின்றபோது, அந்தப் பிள்ளை கேற்றைப் பார்த்தபடி இருந்ததைப் பற்றி நினைப்பதற்கு முதல், 'இந்த மனுசன் அங்கேயே வேறு பிக்கப் ஒன்றைப் பிடித்து வடக்கால போயிருக்கலாமே' என்று உங்கள் மனதில் ஓடியதா, இல்லையா?