ஜெர்மனிக்குப் போன ‘ங்க’

ஜெர்மன் மொழி ஜெர்மனியில் பிறந்தது என்பது வரலாற்றாசிரியர்கள் அவசரப்பட்டு எடுத்த முடிவு. அது சோமனூர்ப் பக்கம் பிறந்து, பிழைக்கப் போன இடத்தில் குளிர் தாங்காமல் தொண்டை கட்டிக்கொண்ட மொழி. இந்த மகத்தான உண்மையை 1994இல் கண்டுபிடித்தவர் விசைத்தறி முதலாளி லட்சுமணசாமி.

அந்த வருஷம் வெபர் என்ற ஜெர்மன் வியாபாரி கிறிஸ்துமஸுக்காக மேஜைவிரிப்பு ஆர்டர் கொடுத்திருந்தார். சிவப்புத் துணி, நடுவில் பச்சை மரம். ஐப்பசியில் நேரில் வந்து சரக்கைப் பார்ப்பார். பிடித்தால் வருஷா வருஷம் ஆர்டர். பிடிக்காவிட்டால் தறி நிற்கும், நாற்பது வீட்டில் அடுப்பும் நிற்கும். லட்சுமணசாமி இராப்பகலாக யோசித்து, தொழிலுக்கு மிக மிக அவசியமான காரியத்தைச் செய்தார். ஜெர்மன் வகுப்பு ஆரம்பித்தார்.

வாத்தியார் துடியலூர் ஆல்வின். தபாலில் ஜெர்மன் படித்தவர். மூன்று மாதம், தினமும் ஒரு மணி நேரம் தறிகளை நிறுத்திவிட்டு ‘கிறிஸ்துமஸ் சொற்கள்’ ஓதப்பட்டன.

“ஆர்டருக்கு என்னங்க தம்பி?” என்றார் லட்சுமணசாமி.

“பெஷ்டெல்லுங்.”

“சரக்கு அனுப்பறதுக்கு?”

“லீஃபெருங்.”

“கிறிஸ்துமஸ் பரிசு குடுக்கறதுக்கு?”

“பெஷேருங்.”

லட்சுமணசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. “பாத்தீங்களா! எதைச் சொன்னாலும் ‘ங்க’ போட்டு முடிக்கறாங்க. நம்மளாட்டவே மரியாதைக்காரங்க!”

“அரை ‘ங்க’ தானுங்களே வருது?”

“குளிர் ஊருங்க. வாயை முழுசாத் தொறக்க முடியுமுங்களா?”

துணி மடிக்கும் காளியாத்தாள் ஒருநாள் வகுப்பின் நடுவே எழுந்து உள்ளங்கையை நீட்டினாள். “ஏனுங்க மொதலாளி, இந்தச் செவப்பு கையில ஒட்டுதுங்க.”

லட்சுமணசாமி அந்தக் கையை உற்றுப் பார்த்தார். “செவப்புக்கு ஜெர்மன்ல என்னங்க அம்மணி?”

“ரோட்டுங்க.”

“பேஷ்!” வகுப்பே கை தட்டியது. தட்டிய கைகளெல்லாம் ‘ரோட்’டாகத்தான் இருந்தன. மாணவர்களின் முன்னேற்றம் கண்டு முதலாளி பூரித்துப்போனார்.

வெபர் வந்தார். கழுத்தில் மாலை விழுந்தது. நாற்பது தொண்டைகள் ஒரே குரலில் “வைனாஹ்டனுங்க!” என்று ஜெர்மனில் கிறிஸ்துமஸ் கூறின. வெபர் மிரண்டுபோய்ச் சிரித்தார். பிறகு ஒரு விரிப்பை எடுத்தார், தம்ளரில் இருந்த தண்ணீரை அதில் ஊற்றினார், தேய்த்தார். மரம் கரைந்தது. சிவப்பு அவர் முழங்கை வரை ஏறியது.

“ஷோன பெஷேருங்!” என்று கத்தினார்.

ஆல்வின் துள்ளிக் குதித்தார். “அழகான கிறிஸ்துமஸ் பரிசுன்னு சொல்றாருங்க!”

வெளியே சரவெடி வெடித்தது. ஜெர்மனியில் குழந்தை பால் சட்டியைக் கவிழ்த்தாலும் இதையேதான் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வார்கள் என்பது தபால் பாடத்தில் இல்லை.

“ஷ்டோர்னீருங்!” என்று இன்னொரு முறை கத்திவிட்டு வெபர் காரில் ஏறினார்.

அந்தச் சொல் ஆல்வினுக்குத் தெரியவில்லை. லட்சுமணசாமி கை கூப்பினார். “போறப்பக்கூட ‘ங்க’ போட்டுத்தான் போறாரு. எப்பேர்ப்பட்ட மனுசன்!”

இரண்டு நாளில் ஆங்கிலத்தில் ஃபேக்ஸ் வந்தது. ஷ்டோர்னீருங் என்றால் ஆர்டர் ரத்து.

லட்சுமணசாமி ஆட்களை எல்லாம் வரிசையாக நிறுத்தினார். ஆளுக்கொரு லட்டு கொடுத்தார். “நாளையில இருந்து யாரும் வேலைக்கு வர வேண்டாமுங்க. போயிட்டு வாங்க” என்றார். குரலில் தேன் ஒழுகியது.

காளியாத்தாள் லட்டை அவர் காலடியில் போட்டாள். “சாயம் ஒட்டுதுன்னு கையை நீட்டுனனே, அப்ப உன்ற கண்ணு அவிஞ்சா போச்சு? எம்புள்ளைக்கு இனி நீயா வந்து சோறு போடுவே?”

அவள் அழுதுகொண்டே போய்விட்டாள். மற்றவர்களும் பின்னால் போனார்கள். லட்சுமணசாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். ஆல்வின் ஓடிப்போய் விசிறினார்.

“பாத்தீங்களா தம்பி?” என்றார் லட்சுமணசாமி, நிஜமாகவே கண்ணீர் விட்டுக்கொண்டு. “வேலை போனாப் போவுதுங்க. அதுக்காக மரியாதை போலாமுங்களா?”