உங்கள் காரியம் அறிவேன்

காலை ஏழு மணிக்கே எலிசாள் வந்து போதகர் ராஜையன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டாள். சபையின் பெண்கள் சங்கச் செயலாளர். கிறிஸ்துமஸுக்குச் சபையே தின்று புகழ்ந்த கேக் அவள் சுட்டதல்லவாம். சாலைக் கடைத்தெருவில் வாங்கி டப்பா மாற்றியதாம்.

"இத ஆரு பாஸ்டரே உங்ககிட்ட சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. காலத்துக்கேற்ற ஊழியம் என்று ஓட்டலில் மூன்று நாள் கருத்தரங்கு நடந்தது. கழக்கூட்டம் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளைச் சபைக்குப் பிடிக்க வீடு வீடாக நடக்காதீர்கள், எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள் என்றார் ஒரு கோட்டுக்காரர். வாசகமும் அவர் தந்ததே. ராஜையன் அதை முந்தின இரவு செல்போன் உள்ள நாற்பது வீட்டுக்கும் தட்டிவிட்டிருந்தார்: 'உங்கள் காரியம் அறிவேன். ஜெபிக்கிறேன்.'

மத்தியானத்துக்குள் இன்னும் நான்கு பேர் வந்து அழுதார்கள். மிரண்டுபோன ராஜையன் எல்லாரையும் சமாதானப்படுத்த இரண்டாவது செய்தி அனுப்பினார்: 'பயம் வேண்டாம். யாரிடமும் சொல்லமாட்டேன்.'

அதுவரை வராதவர்களும் வந்துவிட்டார்கள்.

கடைசியாக வந்தவர் கமிட்டி மெம்பர் அபின். சபைத் தேர்தலில் தான் போட்ட கள்ள ஓட்டுகளைச் சொல்லி முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாஸ்டர் இத மறந்துரணும். இல்லேங்கில் நான் பேராயரைக் கண்டு உங்களுக்கு மலையோரத்துக்கு மாத்தம் வாங்கித் தருவேன், கேட்டேளா?"

 இந்த நகரத்துச் சபையை ராஜையனுக்கு வாங்கித் தந்தது அவருடைய பிரசங்கம். அந்தப் பிரசங்கமோ சனிக்கிழமைதோறும் இன்டர்நெட் கஃபேயில் அவர் 'தியானிக்கிற' அமெரிக்க வெப்சைட்டிலிருந்து அச்சு அசலாக இறங்குவது.

மறுநாள் காலை பேராயரிடமிருந்து செய்தி வந்தது: 'உம்முடைய காரியம் அறிவேன்.'

அபின் முந்திக்கொண்டார். கஃபேக்காரனையும் விசாரித்திருப்பார். ராஜையன் ஆட்டோ பிடித்துப் போய், பேராயர் வாய் திறக்குமுன் ஏழு வருடப் பிரசங்கத்தையும் ஒப்புக்கொண்டார். மாற்றல் உத்தரவுக்குத் தலைகுனிந்து நின்றார்.

பேராயர் கோபிக்கவில்லை. கதவைச் சாத்தச் சொல்லி, அந்த வெப்சைட்டின் விலாசத்தை மட்டும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்.

வெளியே பேராயரின் டிரைவர் தாசையன் காரைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"பாஸ்டருக்கும் மெசேஜ் வந்ததா? பேராயரும் அந்தக் கோட்டுக்காரன் கிளாசுக்குப் போயிட்டு வந்து, பாஸ்டர்மாரு எல்லாருக்கும் ஒண்ணா தட்டிவிட்டதாக்கும். காலையிலேருந்து அழுதிட்டு எறங்குறதுல நீங்க ஒம்பதாவது ஆளு."